முகப்பரு மருந்து: ட்யூபைத் திறக்கும் முன் பெயரைப் படியுங்கள்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கண் புரை என்று இந்தக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இந்த முறை முகப்பருவைப் பற்றி என்று அறிவித்தவுடன், "பருவுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிற பிள்ளைகளோடு பேசும்போது ஒன்று தெரிகிறது. பருவுக்காக வாங்கிய ஒரு ட்யூப் பல வீடுகளில் இருக்கிறது. அக்காவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தங்கை போடுகிறாள். தங்கை போட்டதைப் பார்த்து மாமி மகள் அதே பெயரைச் சொல்லி மெடிக்கலில் வாங்குகிறாள். காலி அட்டையைக் காட்டினால் போதும், அடுத்த ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பது என்ன மருந்து, எத்தனை நாள் போட வேண்டும், யார் போடக் கூடாது என்று கேட்பார் இல்லை.

நாம் மருத்துவர்கள் அல்லர். தோல் டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிற, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிற விஷயங்களைத்தான் நம் வீட்டு மொழியில் சொல்லப் போகிறோம். உங்கள் முகத்துக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பரு எப்படி வருகிறது?

நம் தோலில் ஒவ்வொரு ரோமக்காலுக்கும் பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பி ஒன்று இருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் அந்த எண்ணெய் அதிகமாகச் சுரக்கும். ரோமக்காலின் உள்பக்கத்தில் உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டால் வாய் அடைபடும். அடைப்புக்குள் எண்ணெய் தேங்கி, அங்கே வாழும் கிருமி பெருகி, சிவந்து வீங்குவதைத்தான் பரு என்கிறோம். அழுக்கு முகம் என்பதாலோ பிள்ளையின் நடத்தையாலோ பரு வருவதில்லை. பிள்ளைகளைக் குத்திப் பேசும் பெரியவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அழுகிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல.

அந்த அடைப்பே உண்டாகாமல் தடுக்கிற மருந்துதான் ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ-யின் இனத்தைச் சேர்ந்தது. முகத்தில் தடவும் ரெட்டினாய்டுகளில் நம் ஊர் டாக்டர்கள் அதிகம் எழுதுவது இரண்டு. ஒன்று அடாபலீன், மற்றொன்று ட்ரெட்டினாயின். அடாபலீன் 0.1 சதவீத ஜெல், ட்ரெட்டினாயின் 0.025 அல்லது 0.05 சதவீத க்ரீம் என்று பெட்டியில் போட்டிருக்கும். இது நேற்று வந்த மருந்து அல்ல. ட்ரெட்டினாயின் அமெரிக்காவில் 1971 முதல் பருவுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து. அடாபலீன் 1996இல் அங்கே அனுமதி பெற்றது. முறையாகப் போட்டால் நல்ல பலன் தருகிற, தோல் டாக்டர்கள் முதலில் கையில் எடுக்கிற மருந்து. ஆகவே யாரும் பயந்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இது மருந்து என்பதை மறந்து, பவுடர், ஸ்னோ போலப் பாவிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரே ட்யூபுக்குள் மூன்று மருந்து

நாம் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் முகத்தில் விழும் கரும் படலத்துக்கு ஒரு கலவையைச் சொன்னார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், அவற்றோடு ஒரு ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன் கருமையைக் குறைக்கும். ட்ரெட்டினாயின் அது தோலுக்குள் இறங்க உதவும். ஸ்டீராய்டு எரிச்சலை அடக்கும். டாக்டர் கண்காணிப்பில், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டிய கலவை அது. அதே வகைக் கலவை, ஸ்டீராய்டின் பெயர் மட்டும் மாறி, நம் நாட்டுக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கிறது. மக்கள் அதை "வெள்ளையாக்கும் க்ரீம்" என்று வாங்குகிறார்கள். பருவுக்கும் அதையே போடுகிறார்கள். உள்ளே ட்ரெட்டினாயின் இருப்பதால், "அதுவும் பரு மருந்துதானே" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போட்ட முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். சிவப்பு அடங்கும், நிறம் கூடியது போலத் தோன்றும். "நல்ல மருந்து" என்று நாலு பேருக்குச் சொல்லத் தோன்றுவது இதனால்தான். மாதக்கணக்கில் போனால் அந்த ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கிவிடும். கன்னத்தில் இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு முகத்தில் ரோமம் வளரும். வெயிலில் நின்றால் எரியும். க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து, பரு கொத்தாகக் கிளம்பும். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே போடுவார்கள். இப்படி வெளியே வர முடியாத ஒரு சுழலில் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. 2011இல் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 126 பேர் நிறத்துக்காகவும் சாதாரண முகக் க்ரீம் போலவும் போட்டார்கள். 104 பேர் பருவுக்காகப் போட்டார்கள். 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. 433 பேரில் 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. அந்தப் பக்கவிளைவுகளில் எது முதலிடம் தெரியுமா? பருதான். பரு போக வேண்டும் என்று போட்டதே பருவைக் கொண்டுவந்திருக்கிறது!

தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பேரில், 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் கேட்காமல் கொடுத்தால், நாமும் கேட்காமல் வாங்கினால், சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகவே ட்யூபைத் திறக்கும் முன் பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கிற மருந்தின் மூலப் பெயரைப் படியுங்கள். கம்பெனி வைத்த பெரிய எழுத்துப் பெயரைப் பார்த்து எதுவும் தெரியாது. மொமெட்டாசோன், ஃபுளுவோசினோலோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தாய்மார்களுக்கு ஆங்கிலம் படிக்கச் சிரமமாக இருந்தால், வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை படித்துச் சொல்லும். டாக்டர் சொல்லாமல் முகத்துக்கு அது வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள், தானாக எதையும் மாற்றிப் பார்க்காமல், அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் வழி சொல்வார்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் வெள்ளையாக்கும் க்ரீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்ன கலந்திருக்கிறது என்றே எழுதியிராத டப்பாக்கள் அவற்றில் உண்டு. 2023இல் கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த நோயாளிகளை விசாரித்த டாக்டர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களைப் போட்டவர்கள் என்று கண்டார்கள். காரணம் அவற்றில் இருந்த பாதரசம். முகத்தில் தடவியது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது. அன்போடு கொண்டுவந்த பொருளாக இருந்தாலும், உள்ளே என்ன என்று எழுதாத டப்பா நம் பிள்ளைகளின் முகத்துக்கு வேண்டாம்.

போடும் முறை

சரி, டாக்டர் பார்த்து அடாபலீனோ ட்ரெட்டினாயினோ எழுதிக் கொடுத்துவிட்டார். எப்படிப் போடுவது?

இரவில்தான் போட வேண்டும். வெளிச்சம் பட்டால் ட்ரெட்டினாயின் வீரியம் இழக்கும், வெயிலில் தோலும் சீக்கிரம் பாதிக்கப்படும். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இஷா தொழுகையை முடித்துவிட்டால், ஃபஜ்ர் வரை ஒளுச் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இஷாவுக்குப் பிறகு மென்மையான சோப்பால் ஒரு முறை முகம் கழுவி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். இருபது, முப்பது நிமிடம் காயவிடுங்கள். ஈர முகத்தில் போட்டால் எரியும்.

முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணைச் சுற்றி, மூக்கின் ஓரம், உதட்டின் ஓரம் வேண்டாம். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது இந்த மருந்துக்குச் சரியான முறை அல்ல. இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்புதான் சில வாரம் கழித்துப் பருவாகும். அதைத் தடுக்கத்தான் முகம் முழுவதும் போடச் சொல்கிறார்கள். "அதிகம் போட்டால் சீக்கிரம் போகும்" என்று நினைத்து அப்பிக்கொண்டால், பரு போகாது, தோல்தான் உரியும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போட்டுப் பழக்கினால் தோல் தாங்கும். பிறகு டாக்டர் சொன்னபடி தினமும் போடலாம். வறட்சி இருந்தால் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை முன்போ பின்போ தடவலாம். முதல் சில வாரங்கள் லேசாகச் சிவப்பதும் செதில் உதிர்வதும் பரு கொஞ்சம் அதிகமாவது போலத் தெரிவதும் பலருக்கு உண்டு. இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் தறிக்காரரிடம் பாவு சிக்கினால் வெட்டி இழுக்கவா செய்கிறார்? இழை இழையாகப் பிரிக்கிறார். முகத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஆனால் தாங்க முடியாத எரிச்சல், கொப்புளம், முக வீக்கம் வந்தால் பொறுமை காட்டக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில், எரிந்த இடம் கருந்தழும்பாகி மாதக்கணக்கில் நிற்கும். பருவை விட அந்தக் கருமை அதிக மனவேதனை தரும்.

ஒளுவைப் பற்றி இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் படலமாக நிற்கும் பொருளைத்தான் நீக்க வேண்டும் என்று ஆலிம்கள் விளக்குகிறார்கள். இரவில் மெல்லியதாகப் போட்ட ஜெல் தோலில் இழுத்துக்கொள்ளும். ஃபஜ்ருக்கு எழுந்து முகம் கழுவும்போது ஒரு தடையும் இருக்காது. சந்தேகம் உள்ளவர்கள் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நாளைக்கு ஐந்து முறை முகத்தில் தண்ணீர் படுகிறது. இந்த மருந்து போடுகிறவர்களுக்கு அதனால் வறட்சி கூடலாம். ஒவ்வொரு முறையும் சோப்பு போடாதீர்கள். சோப்பு காலையும் இரவும் போதும். ஒளுவுக்குப் பிறகு முகத்தை ஒற்றி எடுத்து, தேவையானால் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

பகலில் வெளியே போனால் சன்ஸ்க்ரீன் அவசியம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள். ஒளுவில் அது கழுவப்பட்டுவிடும் என்பதால், லுஹருக்குப் பிறகு வெயிலில் போகிறவர்கள் மறுபடி தடவ வேண்டும். முகத்திரை போடுகிற சகோதரிகள் நெற்றியிலும் தாடை ஓரத்திலும் துணி இறுக்கி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வையோடு உரசும் நைலான் துணி பருவைக் கூட்டும். மெல்லிய பருத்தித் துணி நல்லது, தினமும் துவைத்தது இன்னும் நல்லது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இரவு வேலை இருந்தால், வேலை முடிந்து வந்து தூங்கப் போகும் நேரத்தில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டு ஊர்க்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பருவுக்கு எழுதும் பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்து, சில ஜெல்களில் அடாபலீனோடு சேர்ந்தும் வரும். அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறை, துப்பட்டா, காலர் எல்லாம் திட்டுத் திட்டாக வெளுக்கும். சாயம் போட்ட நூலும் சேலையும் கையாளுகிற வீடுகளில், மருந்து தடவிய கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தறிப் பக்கம் போகாதீர்கள். வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

நிக்காஹ் நிச்சயமான வீடுகளுக்கு

இந்தக் கூட்டத்தை நாம் கூட்டியதற்கு முக்கியக் காரணம் இதுதான். தாய்மார்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். அத்தாமார்களும் கேட்க வேண்டியதுதான்.

பெண் பிள்ளைக்கு நிச்சயம் ஆகிறது. முகம் தெளிய வேண்டும் என்று மருந்து ஆரம்பிக்கிறார்கள். நிக்காஹ் நடக்கிறது. பிள்ளை கணவன் வீட்டுக்குப் போகும்போது அந்த ட்யூபும் கைப்பையில் போகிறது. புது வீட்டில் யாரிடமும் சொல்ல வெட்கம். தினமும் இரவில் போடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை உண்டாகிறது. பிறந்த வீட்டில் யாருக்கும் அந்த ட்யூப் ஞாபகம் இல்லை. புகுந்த வீட்டில் யாருக்கும் அது தெரியவே தெரியாது.

கர்ப்பமாக இருக்கும்போதும் கர்ப்பத்துக்குத் தயாராகும்போதும் தடவும் ரெட்டினாய்டுகளும் வேண்டாம் என்பது மருத்துவ விதி. ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் இதைத் தெளிவாக அறிவித்தது. தோலில் தடவும்போது இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவுதான். ஆனாலும் பருவுக்கு வேறு வழி இருக்கும்போது, குழந்தை விஷயத்தில் சிறு சந்தேகத்துக்கும் இடம் வைக்க வேண்டாம் என்பதுதான் காரணம். தெரியாமல் போட்டுவிட்ட பிள்ளை யாராவது இருந்தால் நடுங்க வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, மகப்பேறு டாக்டரிடம் மருந்தின் பெயரையும் எத்தனை நாள் போட்டது என்பதையும் சொன்னால் போதும். இதற்காக யாரும் அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது, அவசரப்பட்டு வேறு முடிவுக்கும் போகக் கூடாது.

மாத்திரை விஷயம் வேறு. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்று ஒரு மாத்திரை எழுதுவார்கள். அதுவும் ரெட்டினாய்டு இனம்தான். இதைக் கர்ப்பத்தில் சாப்பிட்டால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் கடுமையான குறைகள் உண்டாகலாம், கரு கலையலாம். இதில் "கொஞ்சம்தானே சாப்பிட்டோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களில், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. அதனால்தான் மாத்திரை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தும், சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நிக்காஹ் தேதி குறித்தவுடன் அந்தத் தேதியைத் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை எப்போது முடிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். மணமான சகோதரிகள் கணவரிடமும் சொல்ல வேண்டும். இது இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

இன்னொன்று. நாம் இரத்த தான முகாம் நடத்தும்போது இளைஞர்கள் முன்வந்து கை நீட்டுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள், ஆண்களாக இருந்தாலும், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை இரத்தம் கொடுக்கக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். முகாமில் படிவம் நிரப்பும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்ப காலத்தில் பரு வந்தால் என்ன செய்வது? அசிலாயிக் அமிலம் போன்ற, டாக்டர்கள் கர்ப்ப காலத்திலும் எழுதுகிற மருந்துகள் இருக்கின்றன. அதையும் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களும் கேட்டுவிட்டுத்தான் எதையும் போட வேண்டும்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஓடிப் போனால் எந்த டாக்டராலும் முகத்தைத் தெளிவாக்க முடியாது. அப்போதுதான் அந்த மூன்று மருந்துக் கலவைக்கு ஆசைப்படுகிறோம். மூன்று நான்கு மாதம் முன்பே போங்கள். மருந்து போடுகிற காலத்தில் முகத்தில் வேக்ஸிங் செய்தால் தோலே கழன்று வரும். ப்ளீச், ஸ்கரப் எல்லாம் எரிச்சலைக் கூட்டும். பார்லருக்குப் போகும் முன் எத்தனை நாள் மருந்தை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள், பார்லர் சகோதரியிடமும் இந்த மருந்து போடுவதைச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட், சமையல் சோடா இவற்றையும் அந்த முகத்தில் சோதிக்க வேண்டாம். பருவைக் கிள்ளினால் குழி விழும், அந்தக் குழிக்கு க்ரீமில் தீர்வு இல்லை.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "முகத்தில் கொஞ்சம் பரு இருக்கிறதே", "நிறம் சற்றுக் குறைவோ" என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் அந்தப் பிள்ளையை மறுநாள் மெடிக்கலுக்கு அனுப்புகிறது. நாம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தாலே பாதி ட்யூப்கள் விற்காது.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

கட்டி கட்டியாக வலியோடு வரும் பரு, குழி விழும் பரு, மூன்று மாதம் முறையாக மருந்து போட்டும் குறையாத பரு, இவற்றுக்குத் தோல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பெண் பிள்ளைக்குப் பருவோடு மாதவிடாய் தள்ளிப் போவதும், முகத்தில் ரோமம் வளர்வதும் இருந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். க்ரீம் மாற்றி மாற்றிப் போட்டு அதைத் தள்ளிப் போடக் கூடாது.

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செலவில்லாமல் காட்டிக்கொள்ளலாம். போகும் நாளும் நேரமும் தெரியாதவர்கள் நமது அலுவலகத்தில் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறோம். 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும். எந்த மருந்தால் பக்கவிளைவு வந்தாலும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. நாம் தெரிவித்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். இந்த மருந்தின் மூலப் பெயர் என்ன? இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எத்தனை வாரம் போட வேண்டும்? திருமணம், கர்ப்பம், பால் கொடுப்பது என்றால் எப்போது நிறுத்த வேண்டும்? பதிலைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, அந்தச் சீட்டை ட்யூபோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் போட வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரி, கண்ணாடிப் பெட்டி, பிள்ளைகளின் கைப்பை எல்லாவற்றிலும் இருக்கிற முகக் க்ரீம்களை வெளியே எடுத்து, சிறிய எழுத்துப் பெயரைப் படியுங்கள். பெயர் புரியாததையும், ஸ்டீராய்டு என்று தெரிந்ததையும், காலாவதியானதையும் தனியே வையுங்கள். அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு அவற்றை எடுத்து வந்தால், பெயரைப் படித்துச் சொல்லி, தோல் டாக்டரிடம் காட்ட வேண்டியவர்களை அனுப்பி வைக்க ஏற்பாடு செய்கிறோம். சகோதரிகளுக்குப் பேசப் பெண் ஊழியர் இருப்பார். வெட்கப்பட வேண்டியதில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கும் மனதுக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.